ஓல்ட் கோர்ஸா, பக்கத்து ஊர் மைதானமா? ஸ்காட்லாந்துக்கு மட்டையோடு போகிறவர்களுக்கு

"லண்டனில் மகளுக்குப் பட்டமளிப்பு விழா. அது முடிந்ததும் மூன்று நாள் கையில் இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் போய் ஓல்ட் கோர்ஸில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வரலாம் என்று பார்க்கிறேன். டிக்கெட் எப்படி எடுப்பது?"

ஸ்காட்லாந்தின் கடலோர ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் புகழ்பெற்ற பழைய கோல்ஃப் மைதானம்தான் ஓல்ட் கோர்ஸ். கோல்ஃப் ஆடும் நண்பர்களில் யாராவது ஒருவர் வருடந்தோறும் இப்படிக் கேட்கிறார். பெரும்பாலும் விமான டிக்கெட் எடுத்த பிறகுதான் கேட்கிறார்கள். மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்துவிட்டு ஜாதகம் பார்க்க வருவதைப் போன்றது இது.

நான் அந்த ஊருக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஐந்து நாள் தங்கியும் ஓல்ட் கோர்ஸில் ஒரு பந்துகூட அடிக்கக் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை கிடைத்தது. எந்தப் பயணத்தில் கோல்ஃப் நன்றாக இருந்தது என்று கேட்டால், சற்றுத் தயக்கத்துடன் முதல் பயணத்தைத்தான் சொல்வேன். என் ஹேண்டிகேப் 19 (ஆட்டத் திறனைக் காட்டும் எண் அது; குறையக் குறைய ஆட்டம் மேல்). சென்னையில் ஞாயிறு காலை ஆடுகிற, பந்தை வலப்பக்கம் வளைத்து அடிக்கிற சாதாரண ஆட்டக்காரன். இந்த ஒப்பீடு என்னைப் போன்றவர்களுக்கானது. ஐந்து ஹேண்டிகேப்காரர்களுக்கு என் ஆலோசனை தேவைப்படாது.

முதலில் ஒரு விஷயம். ஓல்ட் கோர்ஸ் ஏதோ பணக்காரக் கிளப்பின் சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது ஊர்ப் பொது நிலம். 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. பக்கத்தில் கம்பீரமாக நிற்கும் அந்தப் பழைய கிளப் கட்டடத்தின் உறுப்பினர்களுக்கு மைதானம் சொந்தமில்லை. ஆகவே ஹேண்டிகேப் சான்றும் பணமும் அதிர்ஷ்டமும் இருந்தால் யாரும் ஆடலாம். பணம் என்றால், கோடைக் காலத்தில் ஓர் ஆட்டத்துக்கு 300 பவுண்டைத் தாண்டிவிட்டது. சான்று கட்டாயம், இந்தியன் கோல்ஃப் யூனியன் முறைப்படி உங்கள் கிளப் பதிந்து வைத்திருக்கும் ஹேண்டிகேப்பை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சான்று இல்லாதவர்கள் இந்தக் கட்டுரையில் பாதியைத் தாண்டிவிடலாம்.

ஓல்ட் கோர்ஸுக்குள் நுழைய நான்கு வழிகள் உள்ளன. அறக்கட்டளையிடமே முன்பதிவுக்கு விண்ணப்பிப்பது முதல் வழி. முந்தைய ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் சில நாள் மட்டுமே அந்த வாசல் திறக்கும். ஒரு வருடம் முன்பே தேதி தெரிந்தவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் மகளின் பட்டமளிப்பு விழாத் தேதி ஒரு வருடம் முன்பே தெரிகிறதா என்ன? இரண்டாவது, சுற்றுலா நிறுவனங்களின் தொகுப்பு. உறுதியான ஆட்ட நேரத்தோடு ஹோட்டலையும் வேறு மைதானங்களையும் சேர்த்து விற்கிறார்கள். அசல் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகும். வாழ்நாளில் ஒரே முறைதான் வரப்போகிறேன், கிடைக்காவிட்டால் தூக்கம் வராது என்பவர்கள் மறுபேச்சின்றி இதை வாங்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஸ்காட்லாந்துக்கு இன்னொரு முறையே வந்துவிடலாம். நான் அப்படித்தான் வந்தேன்.

மூன்றாவது குலுக்கல். ஆட விரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அன்று மாலையே முடிவு வந்துவிடும். குறைந்தது இரண்டு பேர், அதிகம் நான்கு பேர். தனி ஆளாகக் குலுக்கலில் சேர முடியாது என்பதைப் பலர் ஊருக்கு வந்த பிறகே அறிகிறார்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் கூட்டம் குறைவதால் வாய்ப்பு கூடும். ஜூலையில் கடவுள் விட்ட வழி. எனக்குக் கிடைத்தது ஓர் அக்டோபர் புதன்கிழமை. குளிர்காலத்தில் போகலாமே என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்த மாதங்களில் ஃபேர்வே (குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்வெளி) புல்லைக் காப்பாற்ற, சிறிய செயற்கைப் புல் விரிப்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதன் மேல் பந்தை வைத்துத்தான் அடிக்க வேண்டும். கட்டணம் குறைவுதான். ஆனால் இத்தனை தூரம் வந்து பாய் விரித்து ஆட எனக்கு மனம் வராது.

நான்காவது, தனி ஆட்களுக்கானது. இரண்டு பேர் அல்லது மூன்று பேர் ஆடும் குழுவில் காலியாக இருக்கும் இடத்தில் உங்களைச் சேர்த்துவிடுவார்கள். முன்பெல்லாம் இதற்காக நள்ளிரவிலிருந்தே வாசலில் வரிசை கட்டி, போர்வை போர்த்திக் காத்துக் கிடந்தார்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு நம் ஊரில் நிற்கும் வரிசைக்குச் சற்றும் குறையாத கூட்டம். 2024இல் அதை நிறுத்திவிட்டு, முந்தைய நாள் நேரில் போய்ப் பெயர் பதிந்தால் மாலையில் கணினி குலுக்கிச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள். விடிய விடிய நின்றால் கிடைக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டது, முதுகுவலியும் போய்விட்டது. தனியாகப் பயணம் போகிறவருக்கு இதுவே சரியான வழி. ஊரிலேயே தங்கியிருந்தால்தான் இது நடக்கும். எடின்பரோவில் அறை எடுத்துவிட்டு இதை நம்பாதீர்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில் நிலையம் கிடையாது. லூகர்ஸில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். தினமும் அப்படி வந்துபோவது ஆளைக் களைப்பாக்கிவிடும்.

சரி, கிடைக்கவில்லை என்றால்? அறக்கட்டளையிடம் மொத்தம் ஏழு மைதானங்கள் இருக்கின்றன. ஓல்ட் கோர்ஸை ஒட்டியே நியூ கோர்ஸ் கிடக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்; அந்தப் 'புதிய' மைதானம் 1895இல் திறந்தது. அதே மணல், அதே காற்று, அதே மஞ்சள் பூ முள்புதர். கட்டணம் பாதிக்கும் குறைவு. முன்பதிவும் எளிது. உள்ளூர்க்காரர்கள் பலர் ஓல்டைவிட இதை விரும்பி ஆடுவதைப் பார்த்தேன். காரணம் கேட்டதற்கு ஒருவர், "இங்கே யாரும் நின்று புகைப்படம் எடுப்பதில்லை" என்றார். 1897இல் வந்த ஜூபிலி சற்றுக் கடினமானது. 1914இல் வந்த ஈடன் சற்று இளகியது. காசல் கோர்ஸ் 2008இல் ஊருக்கு வெளியே பாறை மேட்டில் போட்டது. கடல் காட்சி அபாரம், கிரீன்களின் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) மேடுபள்ளம் அதைவிட அபாரம். நான் அங்கே கிரீனில் மூன்று முறை உருட்டாமல் முடித்த குழிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஹேண்டிகேப் இல்லாதவர்களுக்கும் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் ஒன்பது குழி மட்டுமே உள்ள பால்கோவ் இருக்கிறது. அங்கே யாரும் யாரையும் முறைப்பதில்லை.

ஊரைத் தாண்டினால் தேர்வு இன்னும் சுவாரஸ்யமாகிறது. கார்னூஸ்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: 1999 ஓப்பனில் (பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டி) ழான் வான் டி வெல்ட் என்ற பிரெஞ்சுக்காரர் மற்றவர்களைவிட மூன்று அடி குறைவாக அடித்த முன்னிலையோடு கடைசிக் குழிக்கு வந்து, ஓடைக்குள் இறங்கி நின்று, கோப்பையை இழந்த இடம் அது. தொழில்முறை ஆட்டக்காரரின் கதியே அதுவென்றால் 19 ஹேண்டிகேப்காரன் அங்கே போய் என்ன செய்வது? கிங்ஸ்பார்ன்ஸ் 2000இல் திறந்தது, அழகானது, பராமரிப்பு கண்ணாடி போல இருக்கும். கட்டணமும் ஓல்ட் கோர்ஸுக்கு இளைத்ததில்லை. அத்தனை பணம் கொடுப்பதென்றால் நான் பழைய இடத்துக்கே கொடுப்பேன். கிரெய்ல் கிளப் 1786இல் தொடங்கியது. காற்று வீசாத நாளில் சொர்க்கம், வீசும் நாளில் தொப்பியைப் பிடிக்கத் தனி ஆள் வேண்டும்.

என் ஓட்டு ஈலி என்ற ஊருக்கு. செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து கடலோர மீனவ ஊர்கள் வழியாக பஸ்ஸிலேயே போகலாம். முதல் குழியில் டீக்கு (முதல் அடியை அடிக்கும் இடம்) எதிரே ஒரு மேடு. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரியாது. முன்னால் போனவர்கள் தள்ளிப் போய்விட்டார்களா என்று பார்க்க அங்கே ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பை நட்டு வைத்திருக்கிறார்கள். 'எக்ஸ்காலிபர்' என்ற கப்பலிலிருந்து கழற்றியது. தொடக்கி வைப்பவர் அதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "போகலாம்" என்று தலையசைத்தால் நீங்கள் அடிக்கலாம். நானும் கெஞ்சி ஒரு முறை எட்டிப் பார்த்தேன். ஓப்பனை ஐந்து முறை வென்ற ஜேம்ஸ் பிரெய்ட் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். மைதானத்தில் பார் 5 குழி (ஐந்து முறை அடித்து முடிக்க வேண்டிய நீளமான குழி) ஒன்றுகூட இல்லை. பதினாறு பார் 4, இரண்டு பார் 3. என்னைப் போல நீளமாக அடிக்க முடியாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். மாலை ஐந்து மணிக்குப் பிறகு தொடங்கி, கடலோரக் குழிகளில் நாங்கள் மூவரும் அலைச்சத்தமும் மட்டுமாக ஆடி முடித்த அந்த ஆட்டத்தைத்தான் முதல் பயணத்தின் பெரும் பேறாக நினைக்கிறேன்.

ஆனால் எந்த மைதானம் என்பதைவிட, தெரியாத மைதானத்தை எந்தக் கண்ணால் பார்ப்பது என்ற முடிவுதான் முக்கியம் என்று இரண்டு பயணங்களும் எனக்குக் காட்டின. பணத்தை மிச்சம் பிடிப்பதென்றால் மைதானத்தில் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள்.

மூன்று வழிகள் இருக்கின்றன: கடையில் விற்கும் தூர அளவுப் புத்தகம், கைப்பேசி அல்லது கைக்கடிகாரத்தில் உள்ள ஜிபிஎஸ், பையைத் தூக்கிக்கொண்டு உடன் நடந்து ஆலோசனை சொல்லும் கேடி. கேடி என்றால் நம் ஊரில் வேறு பொருள். எடின்பரோ ரயிலில் நான் வீட்டுக்குப் போன் செய்து, "நாளைக்கு நல்ல கேடியாகக் கேட்டிருக்கிறேன்" என்றபோது எதிர் இருக்கையில் இருந்த தமிழ்ப் பெண்மணி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஜிபிஎஸ் நம் ஊர் மைதானங்களுக்குப் போதும். மரம் எங்கே, குளம் எங்கே என்று கண்ணுக்கே தெரியும். தூரம் மட்டும்தான் வேண்டும். லிங்க்ஸ் நிலம் அப்படி இல்லை. கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடந்த மணல் மேடு அது. தேரிக்காட்டின் மேல் புல் போர்த்தியதைப் போல் இருக்கும். கொடிக்கு 150 கெஜம் என்று கடிகாரம் காட்டும். ஆனால் எதிர்க்காற்றில் அது 190 ஆகும், பின்காற்றில் 120 ஆகும். பந்து கிரீனுக்கு முப்பது கெஜம் முன்பே விழுந்து உருள வேண்டும் என்பதைக் கடிகாரம் சொல்லாது. நியூ கோர்ஸில் முதல் ஒன்பது குழிகளில் அந்தக் கடிகாரத்தை நம்பி ஆறு பந்தைத் தொலைத்தேன். சென்னையில் பந்தைத் தூக்கி அடித்து, மெத்தென்ற கிரீனில் நிறுத்திப் பழகிய கை அங்கே உதவாது. தரை இறுகிக் கிடக்கும். கிரீனுக்கு வெளியே இருபது கெஜத்திலிருந்துகூடப் பட்டர் என்ற உருட்டு மட்டையால் உருட்டுவதே புத்திசாலித்தனம். வெட்கப்படாமல் உருட்டுங்கள், அங்கே பிறந்தவர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.

புத்தகம் கடிகாரத்தைவிட மேல். பங்கர்களின் (மணல் பள்ளங்களின்) பெயரும் இடமும் இருக்கும். முந்தின இரவு அறையில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிப்பதைப் போலப் படிக்கலாம். ஆனால் ஓல்ட் கோர்ஸில் 112 பங்கர்கள். பாதி டீயிலிருந்து கண்ணுக்கே தெரியாது. புத்தகத்தைப் பார்ப்பதா, காற்றைப் பார்ப்பதா, பின்னால் வருகிற குழுவைப் பார்ப்பதா? 2000ஆம் ஆண்டு டைகர் வுட்ஸ் நான்கு நாளும் ஒரு பங்கரில்கூட விழாமல் ஓப்பன் வென்றார். அவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக நடக்கவில்லை.

எனக்கு வாய்த்த கேடி அறுபதைத் தாண்டியவர். முதல் குழியில் என் பந்து வலப்பக்கம் வளைவதைப் பார்த்ததும், "இங்கே போகும்போதும் வலப்பக்கம்தான் ஆபத்து, திரும்பும்போதும் வலப்பக்கம்தான் ஆபத்து. சந்தேகம் வந்தால் இடப்பக்கம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்குக் கொடுத்த பணம் தகும். போகும் வழியில் வலப்பக்கம் முள்புதர், வரும் வழியில் வலப்பக்கம் எல்லைக்கோடு. ஓல்ட் கோர்ஸில் பதினெட்டுக் குழிகளில் பதினான்கு, இரண்டிரண்டாக ஒரே கிரீனைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டாவதும் பதினாறாவதும், மூன்றாவதும் பதினைந்தாவதும் என்று, எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். போகும்போது வெள்ளைக் கொடி, திரும்பும்போது சிவப்புக் கொடி. இதை அவர் சொல்லியும், ஐந்தாவது குழியில் நான் சிவப்புக் கொடியைக் குறிவைத்துப் பிரமாதமாக ஓர் அடி அடித்தேன். பந்து நான் நினைத்த இடத்தில்தான் நின்றது. எனக்கான கொடி அங்கிருந்து ஒரு கல்யாணப் பந்தல் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

பதினேழாவது குழியில் ஹோட்டல் வளாகத்தின் கொட்டகைக்கு மேலே அடிக்க வேண்டும். பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். "ஹோட்டலைப் பார்க்காதீர்கள். சுவரில் எழுதியிருக்கும் பெயரைப் பாருங்கள். எந்த எழுத்து என்று நான் சொல்கிறேன், அந்த எழுத்துக்கு மேலே அடியுங்கள்" என்றார். காற்றைப் பொறுத்து எழுத்து மாறுமாம். எந்தக் கைக்கடிகாரம் இதைச் சொல்லும்? கிரீனை ஒட்டியிருக்கும் பங்கர் 1978 ஓப்பனில் ஜப்பானின் டாமி நகஜிமாவை விழுங்கியது. கிரீனிலிருந்து அவர் பட்டரால் தட்டிய பந்து அதற்குள் உருண்டு போய், அந்தக் குழியை ஒன்பதில் முடித்தார். நான் எட்டில் முடித்தேன். இதை வீட்டில் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கேடிக்குக் கூலியும் டிப்ஸும் சேர்த்து 100 பவுண்டு அளவில் ஒதுக்கி வையுங்கள். இரண்டு நாள் மைதானம் ஆடுவதைவிட ஒரு நாள் மைதானமும் கேடியும் மேல். முடியாதென்றால், உள்ளூர்க்காரர்கள் இருவர் ஆடும் குழுவில் சேர்த்துவிடும்படி தொடக்கி வைப்பவரிடம் கேளுங்கள். அது பாதிக் கேடிக்குச் சமம். ஈலியில் எனக்கு வாய்த்தது அதுதான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரும் அவர் மைத்துனரும், நான் கேட்காமலே பதினெட்டுக் குழிக்கும் பாடம் நடத்தினார்கள்.

மட்டையைச் சொந்தமாகக் கொண்டுபோவதா, வாடகைக்கு எடுப்பதா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மூன்று ஆட்டத்துக்குக் குறைவென்றால் வாடகை. பை ஏற்றுக் கட்டணம், ரயிலில் தூக்குவது, லூகர்ஸில் பஸ்ஸில் ஏற்றுவது, போகும் வழியில் ஏதாவது ஒன்று வளைந்து வருவது என்ற தொல்லைகள் எதுவும் இல்லை. காலணியையும் மழை உடையையும் மட்டும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். கையுறை இரண்டு ஜோடி. ஒன்று நிச்சயம் நனையும்.

இனி அந்த மூன்று நாள். நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: சனிக்கிழமை காலையில் ஊர் போய்ச் சேர்ந்து, 2 மணிக்குள் மனைவியின் பெயரையோ வேறொரு ஆட்டக்காரரின் பெயரையோ சேர்த்துத் திங்கட்கிழமைக் குலுக்கலில் போட்டுவிடுங்கள். (சேர்ப்பவருக்கும் ஹேண்டிகேப் சான்று இருக்க வேண்டும்.) அன்று மாலை கேடியோடு நியூ கோர்ஸ். ஞாயிறன்று ஓல்ட் கோர்ஸில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. அது அன்று ஊரின் பூங்கா. நாயைக் கூட்டிக்கொண்டு, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஃபேர்வே நடுவிலேயே நடப்பார்கள். டிக்கெட் இல்லை. நானும் முதல் பயணத்தில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதினெட்டுக் குழியும் நடந்தேன். ஸ்வில்கன் என்ற பழைய கல் பாலத்தில் நின்று புகைப்படமும் எடுத்துக்கொள்ளலாம். பின்னால் நின்று யாரும் தொண்டையைக் கனைக்க மாட்டார்கள். பதினான்காவது குழியின் 'நரகம்' என்ற பங்கரின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தால், திங்கட்கிழமை எதைத் தவிர்க்க வேண்டும் என்பது புத்தகம் படிக்காமலே விளங்கும்.

முன்பின் பார்க்காமல் இந்த மைதானத்தில் இறங்குகிறவர்களுக்கு அது பிடிக்காமல் போவதே இயல்பு. அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1921இல் முதன்முதலாக அங்கே ஓப்பன் ஆடியபோது, பதினோராவது குழியில் பங்கரில் மாட்டிக்கொண்டு போட்டியையே கைவிட்டார். 1927இல் அதே இடத்தில் ஓப்பன் வென்றார். 1958இல் ஊர் மக்கள் அவரைத் தங்கள் நகரின் கௌரவக் குடிமகனாக்கினார்கள். நமக்கு ஆறு வருடம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

திங்கட்கிழமைக் குலுக்கலில் பெயர் வந்தால் ஓல்ட் கோர்ஸ். வராவிட்டால் பஸ் பிடித்து ஈலி. உடன் வந்தவர்களுக்கு கோல்ஃப் தெரியாதென்றால், ஓல்ட் கோர்ஸை ஒட்டியே 'ஹிமாலயாஸ்' என்று ஒரு பட்டிங் மைதானம் இருக்கிறது. பெண்களுக்கான பட்டிங் கிளப் 1867இல் தொடங்கியது; இப்போது சில பவுண்டுக்கு யாரும் போய் ஆடலாம். முதல் பயணத்தில் குலுக்கலில் தோற்ற ஒரு மாலை என் மனைவியை அங்கே அழைத்துப் போனேன். அதற்கு முன்பு அவர் பட்டரைக் கையில் எடுத்ததே இல்லை. என்னைவிட இரண்டு அடி குறைவாக அடித்து என்னைத் தோற்கடித்தார்.